இன்னொரு நாட்டில் ஒருவர் எதை வணங்குகிறார் என்பது நம் வெளியுறவுத் துறையின் கவலையா?

திசைகாட்டி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. போன மாதம் வேறொரு இழையில், "மனித உரிமை பேசும் நாடுகள் எல்லாம் தங்கள் வசதிக்குத்தான் பேசுகின்றன" என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்றைக்கு எனக்குச் சரியான பதில் தோன்றவில்லை. அதிலிருந்து மத சுதந்திரத்தை மட்டும் எடுத்து இங்கே தனியாகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பிற நாடுகளின் மத சுதந்திரத்தைக் கவனிப்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. சர்வதேச மத சுதந்திரச் சட்டம் செனட்டில் 98-0 என்று நிறைவேறி, 1998 அக்டோபர் 27 அன்று ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட்டார். வெளியுறவுத் துறைக்குள் ஒரு தனி அலுவலகம், அதற்கு ஒரு சிறப்புத் தூதர், அரசுக்கு வெளியே நின்று பரிந்துரை செய்ய 9 பேர் கொண்ட ஓர் ஆணையம், உலக நாடுகள் ஒவ்வொன்றையும் பற்றி ஆண்டறிக்கை. எல்லாவற்றுக்கும் மேல், மிக மோசமாக நடக்கும் நாடுகளைக் "குறிப்பிட்ட கவலைக்குரிய நாடு" என்று அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் சட்டத்தில் உள்ள 15 நடவடிக்கைகளில் ஒன்றையோ பலவற்றையோ ஜனாதிபதி எடுக்கலாம். கண்டனக் கடிதம் முதல் பொருளாதாரத் தடை வரை அந்த 15-க்குள் அடங்கும்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் சவூதி அரேபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் பட்டியலில் சேர்த்தார்கள். 2006-இல், தேசிய நலன் கருதி நடவடிக்கை வேண்டாம் என்று காலவரையற்ற விலக்கு கொடுத்துவிட்டார்கள். பெயர் பட்டியலிலேயே இருக்கும், தண்டனை மட்டும் வராது. ஆப்பிரிக்க நாடான எரித்ரியாவையும் அதே 2004-இல்தான் சேர்த்தார்கள். அதற்கு 2005-லேயே ஆயுத ஏற்றுமதித் தடை வந்துவிட்டது. எரித்ரியாவிடம் எண்ணெயும் இல்லை, பெரிய நண்பர்களும் இல்லை.

நண்பனிடம் பேச முடியாத நாடு எதிரியிடம் மட்டும் பேசினால், அதைக் கொள்கை என்று சொல்லலாமா? இதுதான் என் கேள்வி. என் பதிலையும் மறைக்கவில்லை. அப்படிப்பட்ட நாடும் பேசத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், முதலில் உங்கள் கருத்து.

---

மெய்யெழுத்து

நல்ல இழை. ஆனால் கதையை 1998-இல் தொடங்கியதுதான் எனக்கு நெருடுகிறது. இருநூறு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

1774-இல் துருக்கி சுல்தானின் உஸ்மானியப் பேரரசைத் தோற்கடித்த ரஷ்யா, கூச்சுக் கைனார்ஜா என்ற ஊரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. கிறிஸ்தவ மதத்தையும் தேவாலயங்களையும் காப்பேன் என்று சுல்தான் அதில் வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தவர் சுல்தான். ஆனால் காலப்போக்கில் ரஷ்யா அந்தப் பிரிவை எப்படிப் படித்தது? "உன் நாட்டில் வாழும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் நான்தான் காவலன்" என்று. கத்தோலிக்கர்களுக்கு நாங்கள் காவலர் என்று பிரான்ஸ் கிளம்பியது. அப்போது சுல்தானின் ஆட்சியில் இருந்த பெத்லகேம் தேவாலயத்தின் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்ற தகராறு முற்றி, 1853-இல் கிரீமியப் போரில் போய் முடிந்தது. லட்சக்கணக்கில் செத்தார்கள். அந்தப் போரால் பெத்லகேமில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிட்ட சாதாரண மனிதனுக்கு என்ன கிடைத்தது?

இன்னொரு நாட்டின் மதச் சிறுபான்மையைக் காக்கிறேன் என்று வருகிறவன், அந்தச் சிறுபான்மையையே சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடுகிறான். "இவர்கள் வெளிநாட்டுக்காரனின் ஆட்கள்" என்ற பழி அவர்கள் தலையில் விழுகிறது. உதவி செய்தவன் தன் ஊருக்குப் போய்விடுவான். அடி வாங்குவது உள்ளூரில் இருப்பவன்தான். அதனால்தான் எனக்கு இந்தக் கொள்கை மீதே பயம்.

---

தாழை

மெய்யெழுத்து ஐயா, வரலாறு நீங்கள் சொன்னபடிதான். ஆனால் அந்த வரலாற்றுக்கும் இன்றைக்குப் பேசுவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. ரஷ்யா கேட்டது தன் மதத்தாருக்கு மட்டும். 1948 டிசம்பர் 10-க்குப் பிறகு கேட்பது எந்த மதத்தாருக்கும், மதமே வேண்டாம் என்பவருக்கும் சேர்த்து. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18-வது பிரிவில் யாருடைய மதத்தின் பெயரும் இல்லை. சிந்தனை, மனசாட்சி, மதம் ஆகியவற்றில் சுதந்திரம், மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் உட்பட. அவ்வளவுதான்.

அந்த வாக்கெடுப்பில் ஆதரவு 48, எதிர்ப்பு யாருமில்லை, 8 நாடுகள் வாக்களிக்கவில்லை. சவூதி அந்த எட்டில் ஒன்று. மதம் மாறும் உரிமை என்ற சொற்கள் அவர்களுக்குப் பெரிய இடைஞ்சல். அப்போது பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் முகமது ஜஃபருல்லா கான். அவர் எழுந்து, நம்புகிறவர் நம்பட்டும், மறுக்கிறவர் மறுக்கட்டும் என்ற குர்ஆனின் கருத்தையே எடுத்துச் சொல்லி அந்தப் பிரிவை ஆதரித்துப் பேசினார். பாகிஸ்தான் ஆதரித்து வாக்களித்தது. இது மேற்கத்தியச் சரக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மனிதர்தான்.

இதற்கு மேல் எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஜஃபருல்லா கான், தங்களை முஸ்லிம்களாகவே கருதும் அஹ்மதியா சமூகத்தவர். 1970 முதல் 1973 வரை சர்வதேச நீதிமன்றத்தின் தலைவராக இருந்தார். அதற்கு அடுத்த வருடம், 1974-இல், அவருடைய நாடே அரசியலமைப்பைத் திருத்தி, அஹ்மதியர்கள் முஸ்லிம்கள் அல்ல என்று எழுதிக்கொண்டது. 1984-இல் இன்னொரு அவசரச் சட்டம் வந்தது. அஹ்மதியர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்லக்கூடாது, தங்கள் தொழுகை இடத்தைப் பள்ளிவாசல் என்று அழைக்கக்கூடாது, மீறினால் மூன்று வருடம் வரை சிறை. அவர் 1985-இல் லாகூரில் இறந்தார். உலகம் முழுவதற்கும் எந்த உரிமைக்காக வாதாடினாரோ, அந்த உரிமை சொந்த மண்ணில் சட்டப்படி பறிபோனதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்போது சொல்லுங்கள். 1974-இல் மற்ற நாடுகள் "அது உங்கள் உள்விவகாரம்" என்று இருந்தது சரியா?

---

வழிப்போக்கன்

தாழை அக்கா சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. "மாற்றிக்கொள்ளும்" என்ற அந்தச் சொல்லைச் சுற்றித்தான் இத்தனை வருடமும் இழுபறி. 1966-இல் வந்த குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையில் அந்தச் சொல் போய்விட்டது. "தான் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்க அல்லது ஏற்க" என்று மென்மையாக எழுதினார்கள். 1981-இல் ஐநா பொதுச் சபை செய்த பிரகடனத்தில் "ஏற்க" என்பதும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சொல் குறைந்தது. கடைசியில் 1993-இல்தான், "ஏற்க" என்றால் இருப்பதை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போவதும் அடங்கும், மதமே வேண்டாம் என்பதும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையைக் கவனிக்கும் ஐநா மனித உரிமைக் குழு விளக்கம் எழுதியது.

ராஜதந்திரத்தில் ஒரு சொல்லுக்காக 45 வருடம் ஆகிறது. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஆகாது என்று தோன்றுகிறது.

---

பழைய வாசகன்

வயதானவன் என்ற முறையில் பனிப்போர்க் கதை ஒன்றைச் சொல்கிறேன். சத்தமாகப் பேசுவதா, காதோடு பேசுவதா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

முதலில் சத்தம். 1972-இல் சோவியத் அரசு, நாட்டை விட்டு வெளியேற விரும்பும் படித்தவர்களிடம் கல்விக்குச் செலவான பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னது. பெரும்பாலும் அடிபட்டவர்கள் யூதர்கள். அமெரிக்க நாடாளுமன்றம் கொதித்தது. வெளியேறும் உரிமையை மறுக்கும் நாட்டுக்கு வர்த்தகச் சலுகை கிடையாது என்று 1974 வர்த்தகச் சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். ஜாக்சன்-வானிக் திருத்தம் என்று பெயர். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சர் கடைசி வரை அதை எதிர்த்தார். அமைதியாகப் பேசியே ஆட்களை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் கெடுக்கிறீர்கள் என்பது அவர் வாதம்.

எண்களைப் பார்த்தால் யார் சொன்னது சரி என்று சொல்வது எளிதல்ல. 1973-இல் வெளியேறிய யூதர்கள் சுமார் 35,000. சட்டம் நடைமுறைக்கு வந்த 1975-இல் சுமார் 13,000 ஆகச் சரிந்தது. கிசிஞ்சர் சொன்னது நடந்துவிட்டது என்றார்கள். ஆனால் 1979-இல், திருத்தம் அப்படியே இருக்கும்போதே, 51,000-ஐத் தொட்டது. சோவியத்துக்கு அப்போது ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வேண்டியிருந்தது, வர்த்தகம் வேண்டியிருந்தது. ஆப்கானிஸ்தானுக்குள் படை போனதும் உறவு கெட்டு, 1980-களின் நடுவில் ஆண்டுக்கு ஆயிரம் பேர் அளவில்தான் போக முடிந்தது. அதாவது, கதவு எவ்வளவு திறக்கும் என்பதைத் திருத்தம் தனியாக முடிவு செய்யவில்லை. இரண்டு நாடுகளின் மொத்த உறவும் சேர்ந்துதான் முடிவு செய்தது.

இப்போது காதோடு பேசிய கதை. 1978 ஜூனில், நாட்டை விட்டு வெளியேற விரும்பி சைபீரியாவிலிருந்து வந்த பெந்தெகொஸ்தே குடும்பத்தார் எட்டுப் பேர், மாஸ்கோவில் காவலர்களைத் தாண்டி அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓடினார்கள். ஒரு பையன் வாசலிலேயே பிடிபட்டு அடி வாங்கினான். மற்ற ஏழு பேரும் உள்ளே போய்விட்டார்கள். அவர்களில் ஆறு பேர் தூதரகத்தின் அடித்தளத்தில் ஒரே அறையில் ஏறக்குறைய ஐந்து வருடம் இருந்தார்கள். ஐந்து வருடம்! வெளியே போனால் கைது. தூதரகத்துக்கோ அவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. நடுவில் இரண்டு பெண்கள் உண்ணாவிரதம் இருந்து ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது.

1983 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், சோவியத் தூதர் டோப்ரினினை வெள்ளை மாளிகைக்கு அழைத்து நேரில் பேசினார். இவர்களை விடுங்கள், விட்டால் நான் மேடை ஏறி வெற்றி கொண்டாட மாட்டேன் என்று சொன்னார். அந்தக் கோடையிலேயே குடும்பங்கள் நாட்டை விட்டு வெளியேறின. ரீகனும் வாயைத் திறக்கவில்லை. சோவியத்தை "தீய பேரரசு" என்று ஊரறியப் பேசியதும் அதே 1983 மார்ச்சில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். மேடையில் அப்படி, அறைக்குள் இப்படி. இரண்டையும் ஒரே ஆளால் செய்ய முடிந்தது.

---

திசைகாட்டி

பழைய வாசகன் ஐயா, அந்த அடித்தள அறைக் கதையை நான் அரைகுறையாகத்தான் கேட்டிருந்தேன். நன்றி.

நான் பேசத்தான் வேண்டும் என்று சொன்னதற்கு என் காரணம் இங்கேயே இருக்கிறது. காதோடு பேசுகிறவரின் சொல்லுக்கு எடை எங்கிருந்து வருகிறது? வெளியே யாரோ சத்தம் போட்டுக்கொண்டிருப்பதால்தான். தூதர் போய், "என் நாடாளுமன்றம் விட மாட்டேன் என்கிறது, ஏதாவது செய்து கொடுங்கள்" என்று சொல்ல முடிகிறது.

வியட்நாம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 2004-இல் அதையும் கவலைக்குரிய நாடு என்று அறிவித்தார்கள். தடை எதுவும் போடவில்லை. பதிலாக 2005-இல் உட்கார்ந்து ஓர் உடன்பாடு எழுதினார்கள். மத நம்பிக்கையைக் கைவிடும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது, மூடிய வழிபாட்டு இடங்களைத் திறக்க வேண்டும், மதத்துக்காகச் சிறையில் இருப்பவர்களை விடவேண்டும். வியட்நாமுக்கு அப்போது உலக வர்த்தக அமைப்பில் சேர வேண்டும் என்ற அவசரம். பல கைதிகள் வெளியே வந்தார்கள். 2006 நவம்பரில் புஷ் ஹனோய் போவதற்குச் சில நாட்கள் முன்பு பெயரை எடுத்துவிட்டார்கள்.

முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். பெயரை எடுத்ததும் பிடி தளர்ந்தது. 2022-இல் மறுபடி அதைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் சிறையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு அந்தக் கொள்கை பொய்யாக இருந்ததா?

---

மெய்யெழுத்து

வியட்நாமுக்கு ஒன்று வேண்டியிருந்தது, அதனால் கொடுத்தது. ஒன்றும் வேண்டாத நாட்டிடம் என்ன செய்வீர்கள்? அல்லது நீங்களே கையேந்தி நிற்கும் நாட்டிடம்?

2022 அக்டோபர் 6. சீனாவின் சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களின் நிலைமை பற்றி விவாதிக்கலாமா என்று ஜெனீவாவில் ஐநா மனித உரிமை மன்றத்தில் வாக்கெடுப்பு. கண்டனம்கூட இல்லை, வெறும் விவாதம். சில வாரம் முன்புதான் மனித உரிமை ஆணையர் அலுவலகம் அங்கே நடப்பது மானுடத்துக்கு எதிரான குற்றமாக இருக்கலாம் என்று அறிக்கை கொடுத்திருந்தது. ஆதரவு 17, எதிர்ப்பு 19, நடுநிலை 11. தோற்றுவிட்டது. எதிர்த்தவர்களில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் இருந்தன. இந்தியாவும் மலேசியாவும் நடுநிலை. முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளில் விவாதம் வேண்டும் என்று கை தூக்கியது சோமாலியா மட்டும்.

சோமாலியாவின் பெயரைப் பட்டியலில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது. பசியிலும் போரிலும் கிடக்கும் நாடு.

---

தாழை

அந்த வாக்கெடுப்பில் அல்ல, வேறொரு விஷயத்தில் ஆப்பிரிக்காவின் காம்பியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள் ஐயா. முப்பது லட்சம் மக்கள்கூட இல்லாத நாடு. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்துக்கு ஓடினார்கள். பெரிய நாடுகள் அறிக்கை விட்டன. காம்பியாவின் நீதி அமைச்சர் காக்ஸ் பஜார் முகாமுக்குப் போய் மக்கள் சொன்னதைக் கேட்டார். அவர் முன்பு ருவாண்டா இனப்படுகொலைத் தீர்ப்பாயத்தில் அரசு வழக்கறிஞராக இருந்தவர். அங்கே கேட்டதையே மறுபடி கேட்பதுபோல் இருந்திருக்கிறது. 2019 நவம்பரில் மியான்மர் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2020 ஜனவரி 23 அன்று, ரோஹிங்கியாக்களைக் காக்க வேண்டும் என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக இடைக்கால உத்தரவு கொடுத்தார்கள்.

இதற்கு விமானம்தாங்கிக் கப்பலும் வேண்டியிருக்கவில்லை, பொருளாதாரத் தடையும் வேண்டியிருக்கவில்லை. இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடு என்ற தகுதி போதுமாக இருந்தது.

---

கடற்காகம்

நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு இருந்தேன், எழுதுவதா வேண்டாமா என்று. எழுதிவிடுகிறேன்.

2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்தவர்களின் உடலை எரிக்க மட்டுமே முடியும் என்று இங்கே வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பு வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும் கேட்கவில்லை. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். எங்கள் மார்க்கத்தில் ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, நல்லடக்கம் செய்வது அந்த உடலுக்கு நாங்கள் கட்டவேண்டிய கடன். டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையை எரித்தார்கள். பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டுப் போனார்கள். அடக்கத்துக்கு முன் உடலைச் சுற்றும் கபன் துணியை நினைத்துக் கட்டியது. முஸ்லிம் மட்டுமல்ல, எல்லா இனத்தவர்களும் வந்து கட்டினார்கள். நீதிமன்றம் போனோம், மனுவை எடுக்கவே இல்லை.

மாறியது எப்போது தெரியுமா? 2021 மார்ச்சில் ஜெனீவாவில் இலங்கைக்கு எதிரான தீர்மானம் வர இருந்தது. முஸ்லிம் நாடுகளின் வாக்கு அரசுக்குத் தேவைப்பட்டது. பிப்ரவரி 23-ஆம் திகதி அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்தார். 25-ஆம் திகதி அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வந்துவிட்டது. நிலத்தடி நீர் இரண்டு நாளில் சுத்தமாகிவிடவில்லை. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. தீர்மானம் 22-11 என்று நிறைவேறியது, பாகிஸ்தான் இலங்கைக்கு ஆதரவாக வாக்களித்தது.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? அந்தத் தீர்மானத்தில் இருந்தது போரில் காணாமல் போன தமிழ் உறவுகளுக்கான நியாயம். எங்களுடைய ஜனாஸா உரிமை அதற்கு எதிரான ஒரு வாக்கோடு சேர்த்துத்தான் கிடைத்தது. அடக்கம் செய்யக் கிடைத்ததே என்று அழுதோம். அது எந்த வழியாக வந்தது என்பதும் மனதை விட்டுப் போகவில்லை. 2024-இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரித்ததை மீட்க முடியாது.

மெய்யெழுத்து அண்ணன் சொல்வதுபோல் இது சுயநலம்தான். தாழை சொல்வதுபோல் தேவையும்தான். வெளியிலிருந்து யாரும் கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை மாதம் எரித்திருப்பார்கள் என்று யோசிக்கும்போது, கேட்டவரின் நோக்கத்தை ஆராய எனக்கு மனம் வரவில்லை.

---

வழிப்போக்கன்

கடற்காகம், நீங்கள் எழுதியதற்கு நன்றி. இதற்குப் பதில் என்று எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

---

இடைவெளி

இந்தியா பற்றி ஒருவரும் பேசவில்லையே. திசைகாட்டி சொன்ன அதே 1998 சட்டம் சேர்த்த ஒரு பிரிவின் கீழ்தான் 2005-இல் அன்றைய குஜராத் முதல்வர் மோடிக்கு அமெரிக்கா விசா மறுத்தது. 2014-இல் அவர் பிரதமரானதும் செப்டம்பரில் அங்கே வரவேற்பு. குஜராத் கலவரம் தொடர்பாக அவர் மீது வழக்குத் தொடரச் சான்று இல்லை என்ற விசாரணைக் குழுவின் முடிவை இந்திய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2022-இல்தான். ஆக, விசா கிடைத்ததற்குக் காரணம் தீர்ப்பு அல்ல, பதவி. 2020 முதல் அந்த ஆணையம் இந்தியாவையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது, அவர்களின் வெளியுறவுத் துறை சேர்க்கவில்லை. அறிக்கை பக்கச்சார்பானது என்று இந்தியா ஒவ்வொரு முறையும் மறுக்கிறது. நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, பதவிக்கு ஏற்ப வளையும் சட்டத்தை ஏன் மதிக்க வேண்டும்?

---

நெறியாளர்

இடைவெளி எழுப்பிய கேள்வி இழைக்குப் பொருந்துகிறது. கட்சி விவாதமாக மாறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மாறிய இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன்.

---

மழைநிலா

நான் கொள்கை படித்தவள் அல்ல. சில வருடம் ஐரோப்பாவில் ஒரு நாட்டில் அகதி விண்ணப்ப நேர்காணல்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அந்த ஆண்டறிக்கைகள் யாருக்குப் பயன்படுகின்றன என்று அங்கேதான் பார்த்தேன்.

தடை, பட்டியல், விலக்கு என்றெல்லாம் பேசுகிறோம். நான் பார்த்த அறையில் ஒரு மேசை, ஓர் அதிகாரி, ஒரு விண்ணப்பதாரர், நான். அதிகாரியின் கோப்பில் அந்த நாட்டைப் பற்றிய அறிக்கைகளின் பக்கங்கள் இருக்கும். "இந்த நாட்டில் மதம் மாறியவர்கள் வீட்டுக்குள் வழிபட்டால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை" என்று ஒரு வரி இருந்தால் போதும், கேள்வி அந்தத் திசையில் போய்விடும். மதம் மாறிய ஒருவரிடம் அதிகாரி வேதாகமத்தில் தேர்வு வைப்பதுபோல் கேட்டுக்கொண்டே போனார். எந்தப் பண்டிகை எந்த நாள், எந்த நூலுக்குப் பிறகு எந்த நூல். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜெபம் மட்டும்தான் தெரியும். அதை அவர் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். குறிப்பில் "அடிப்படை அறிவு போதாது" என்று எழுதினார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மொழிபெயர்ப்பில் ஏதாவது குறைந்துவிட்டதா என்று திரும்பத் திரும்ப யோசித்தேன்.

"ஒளித்து வைத்துக்கொண்டு வாழலாமே" என்ற வாதத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2012 செப்டம்பர் 5 அன்று நிராகரித்தது. துன்புறுத்தலைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காக ஒருவர் தன் மத நடைமுறையைக் கைவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது என்றது. ஜெர்மனியில் தஞ்சம் கேட்ட பாகிஸ்தானியர் இரண்டு பேரின் வழக்கு அது. அவர்கள் யார் தெரியுமா தாழை? அஹ்மதியர்கள்.

அதனால் இடைவெளிக்கு என் பதில் இது. பட்டியலில் பெயர் வருவதும் போவதும் அரசியல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறிக்கையில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு மேசையில் சான்றாக வைக்கப்படுகிறது. தூதரகத்தில் இருப்பவர் ஊர் ஊராகப் போய் விசாரித்து ஒரு வரியைச் சரியாக எழுதினால், அது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். அரைகுறையாக எழுதினால் திருப்பி அனுப்பிவிடும்.

---

மெய்யெழுத்து

மழைநிலா, கடற்காகம், நீங்கள் இருவரும் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். வெளியிலிருந்து வரும் பாதுகாப்பு ஆபத்தானது என்ற என் பயம் போகவில்லை. ஆனால் நான் பேசிக்கொண்டிருந்தது நாடுகளைப் பற்றி. நீங்கள் பேசியது ஆட்களைப் பற்றி. அந்த வித்தியாசத்தை நான் பார்க்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும். திசைகாட்டி, ஒரு சிறிய நாட்டின் வெளியுறவு அமைச்சகத்தில் இதை எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்தால் என்ன எழுதுவீர்கள்? பொதுவாகச் சொல்லாமல், செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

---

திசைகாட்டி

யோசித்துத்தான் எழுதுகிறேன் ஐயா, அதனால் தாமதம்.

முதலில், நாடுகளின் பட்டியல் போட மாட்டேன். கைதிகளின் பட்டியல் போடுவேன். யார், எந்தச் சிறை, எந்தச் சட்டப் பிரிவு, அடுத்த விசாரணை எப்போது. அமைச்சர் எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தத் தாள் அவர் பையில் இருக்கும், நட்பு நாடாக இருந்தாலும். நண்பனிடம் மேடையில் பேச முடியாவிட்டால் அறைக்குள் கேட்கட்டும். ஆனால் கேட்டே ஆக வேண்டும், கேட்டதை ஆண்டு முடிவில் நாடாளுமன்றக் குழுவிடம் சொல்ல வேண்டும்.

அந்தத் தாளில் நம் மதத்தார் பெயர் மட்டும் இருந்தால் அதைத் திருப்பி அனுப்புவேன். பஹாய், அஹ்மதி, உய்குர், யெஹோவாவின் சாட்சிகள், நாத்திகர் எல்லோரும் இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டமே 2016 திருத்தத்தில்தான் மதநம்பிக்கை இல்லாதவர்களை வெளிப்படையாகச் சேர்த்தது. கூச்சுக் கைனார்ஜா மறுபடி நடக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே காப்பு இதுதான்.

அப்புறம், கேட்பதற்கு முன் அந்த மக்களிடமே கேட்க வேண்டும். சத்தம் போடட்டுமா, அமைதியாகப் பேசட்டுமா என்று. ஆபத்து அவர்களுக்கு என்றால் முடிவும் அவர்களுடையது. நீங்கள் சொன்ன "வெளிநாட்டுக்காரனின் ஆட்கள்" என்ற பழி விழுந்துவிடும் என்று அவர்கள் பயந்தால், நாம் வாயை மூடிக்கொண்டு வேறு வழி தேட வேண்டும்.

கடைசியாக, இதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். அந்தத் தாளைக் கொடுக்கும்போது எதிரில் இருப்பவர் நம் நாட்டுச் சிறுபான்மையைப் பற்றித் திருப்பிக் கேட்பார். கேட்கட்டும். பதில் சொல்லத் தயாராகப் போக வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. இடைவெளி கேட்ட கேள்விக்கும் என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்.

---

பழைய வாசகன்

முதல் யோசனைக்கு ஒரு திருத்தம். விடுதலையானதும் பெயரை அடித்துவிடாதீர்கள். ஒரு வருடம் வைத்திருங்கள். விட்டவர்களை மறுபடி பிடிப்பது வழக்கம்.

---

திசைகாட்டி

சரி ஐயா, சேர்த்துக்கொள்கிறேன்.

---

கடற்காகம்

வழிப்போக்கன், நீங்கள் சொன்ன அந்த 1993 விளக்கம் தமிழில் எங்கேயாவது இருக்கிறதா? எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் பக்கத்துக் கோவில் சபையிலும் வாசிக்கக் கொடுக்க வேண்டும்.

---

வழிப்போக்கன்

என் கண்ணில் பட்டதில்லை. மழைநிலா சரிபார்த்துக் கொடுப்பதாக இருந்தால், முதல் ஐந்து பத்திகளை நான் மொழிபெயர்க்கிறேன். இந்த வார இறுதிக்குள் இங்கேயே போடுகிறேன்.

---

மழைநிலா

அனுப்புங்கள். ஐந்தாம் பத்தியை முதலில்.